வேடந்தாங்கலில் பிள்ளைகட்கு ஒரு நாள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் பிள்ளைகளை எங்கு அழைத்துச் செல்லலாம் என வினவும் பெற்றோர்க்கு, மானாம்பதி, உத்திரமேரூர்ப் பகுதியினின்று வெகுதொலைவில் இல்லாத வேடந்தாங்கல் ஏரியையே முதலில் கூறுவோம்.

வேடர் தங்கிய இடம் எனப் பெயர்க்காரணம் கூறுவர். அவ்வூரே பறவைகட்குப் புகலிடமானது வியப்பன்றோ! ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு 1798இல் காப்புரிமை பெற்றனர். கருணை ஒன்றே இதற்குக் காரணமென்று கூறிவிடலாகாது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை உழவர் கண்டிருந்தனர்.

நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் முதலியன கூடு கட்டுகின்றன. இவை அயல்நாட்டுப் பறவைகள் எனப் பலர் கருதுவது தவறு, நம் நாட்டினவே. ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவையே வடபுலக் குளிரினின்று வந்து, ஈண்டுக் கூடு கட்டாமல் திரும்புவன. நத்தைகுத்தியின் அலகிடையே உள்ள இடைவெளியைத் தொலைநோக்கியில் காட்டுங்கள். நத்தையைக் கையாள அமைந்த அலகு அது. "நத்தையைத் தின்பது ஹிம்சை அன்றோ?" எனப் பிள்ளை வினவினால் மழுப்ப வேண்டா. நாரைக்கு நத்தையே முதன்மை உணவு, நமக்கு வேறு உணவு உண்டு எனக் கூறுக.

மாலையில் பறவைகள் கூட்டங்கூட்டமாய்த் திரும்பும் காட்சியே சிறப்பு. நம்மவர்க்குக் கதிர் மறையுமுன் உண்ணும் நியமமும் உண்டாதலின், சற்று முன்னரே உணவை முடித்துக்கொண்டு பார்வைக் கோபுரம் ஏறுதல் நன்று.

அருகிலுள்ள கரிக்கிலி ஏரியையும் காணலாம். இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பருவமழை பொய்த்து ஏரி வறண்டால் பறவைகள் தங்கா. ஆதலின், புறப்படுமுன் நீர்நிலவரம் கேட்டறிந்து செல்க.