கத்தினால் சரியாது பனிமலை

"சத்தம் போடாதே, பனி சரிந்துவிடும்." மலையேறுபவர்களிடையே இன்றும் உலவும் எச்சரிக்கை இது. கதாநாயகன் கூவ, எதிர்ச் சிகரம் உடைந்து புரண்டு வரும் காட்சியைச் சினிமா நம் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதித்துவிட்டது. ஆனால், மனிதக் குரல் காற்றில் எழுப்பும் அழுத்தம், பனியடுக்கை உடைக்கத் தேவையான அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். பாதைக்கு மேலே தேங்கிய பனியை முன்கூட்டியே சரித்துவிட நினைப்பவர்கள் அதனால்தான் வெடிமருந்தைப் பயன்படுத்துகிறார்கள்.

கேடில்லாத நம்பிக்கைதானே என்று இதை விட்டுவிட முடியாது. வாயை மூடிக்கொண்டு நடந்தால் போதும் என்ற பொய்த் தைரியத்தை இது தருகிறது. ஆபத்து குரலில் இல்லை, காலடியில் இருக்கிறது. ஒவ்வொரு பனிப்பொழிவும் தனி அடுக்காகப் படிகிறது. கடுங்குளிர் நீடித்தால், உள்ளே ஓர் அடுக்கு சர்க்கரைபோல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் காற்று அடித்துக் குவித்த பனி கெட்டியான பலகையாக அமர்கிறது. மேலே பார்த்தால் மாசற்ற வெண்மை; அடியில் பிடிமானம் இல்லை. அதில் ஒருவர் கால் வைக்கும்போது பலவீனமான அடுக்கு நொறுங்குகிறது. விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவின் குறுக்கே ஓட, பலகை மொத்தமாக வழுக்கிக் கீழே வருகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது மிகுதி. பொழுதுபோக்காக மலைக்குப் போய்ச் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியது அவர்களுடைய எடை அல்லது கூட வந்தவர்களின் எடைதான்.

"பனி மென்மையானது, புதைந்தாலும் தோண்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்" என்பதும் உயிர்பறிக்கும் நம்பிக்கையே. புரண்டுவந்த பனி நின்றதும் துகள்கள் இறுகி, விரலைக்கூட அசைக்க முடியாதபடி கெட்டித்துவிடும். பெரும்பாலோர் குளிரால் சாவதில்லை, மூச்சுத் திணறியே சாகிறார்கள். அவர்கள் விடும் மூச்சே முகத்தைச் சுற்றிப் பனிக்கட்டியாக உறைந்து காற்றை அடைக்கிறது. கால் மணி நேரத்துக்குள் மீட்டால் பத்தில் சுமார் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் கடந்துவிட்டால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஹெலிகாப்டர் அதற்குள் வந்துசேராது. பக்கத்தில் நிற்கும் தோழரிடம், புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும், குத்திப் பார்க்கும் நீளக் கோலும், பனி அள்ளும் மண்வாரியும் இருந்தாக வேண்டும்.

"சியாச்சினில் ஆறாவது நாளில் ஒருவர் உயிரோடு கிடைத்தாரே?" என்று கேட்பார்கள். உண்மைதான். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. சிக்கிய பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் பணியாற்றியவர்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் 25 அடிக்கும் கீழே உயிருடன் கிடைத்தார். அவரைச் சுற்றி மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருந்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார். அந்த வீரரின் உயிர்ப்போராட்டம் வணங்கத்தக்கது. அதை விதியாக எடுத்துக்கொண்டு யாரும் சரிவில் கால் வைக்கக் கூடாது.

பனிதான் சரியும் என்பதும் அரைகுறை உண்மை. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் நடந்ததை "பனிப்பாறை வெடித்தது", "ஏரி உடைந்தது" என்றே முதலில் எழுதினார்கள். உண்மையில், ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. விழுந்த வேகத்தில் உராய்வின் வெப்பம் பனிக்கட்டியை உருக்கிவிட, அது சேற்று வெள்ளமாகி ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்களைத் தாக்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பனிச்சரிவைக் குறிக்கும் 'அவலாஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெயரில் தாங்கிய நம் நீலகிரியின் அவலாஞ்சியும் பனிச்சரிவால் பெயர் பெற்றதன்று. 19ஆம் நூற்றாண்டில் அங்கே நேர்ந்த பெரும் நிலச்சரிவே அந்தப் பெயருக்குக் காரணம்.

"அனுபவசாலி கூட வந்தால் பயமில்லை" என்பவர்களுக்கு 2022 அக்டோபர் 4 நினைவிருக்க வேண்டும். உத்தரகாசியின் திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கியது. மீட்கப்பட்ட 27 உடல்களில் பயிற்றுநர்களின் உடல்களும் இருந்தன. அப்போது குளிர்காலம்கூடத் தொடங்கியிருக்கவில்லை.

இப்போது நம் ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் இமயத்துக்குப் போகிறார்கள். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன், அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துத்தான் பாதையை முடிவு செய்கிறார்களா, சமிக்ஞைக் கருவி ஆளுக்கொன்று தருகிறார்களா, அதைக் கொண்டு தேட ஒருமுறையாவது பழக்குகிறார்களா என்று அழைத்துச் செல்பவர்களிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வேறு குழுவைத் தேடுங்கள்.