281 வாக்குகள்: ஜனாதிபதித் தேர்தலில் பதுளையின் இடம்



ஜனாதிபதித் தேர்தல் வந்தால் லயத்து வாசலிலே ஒரு பேச்சுக் கிளம்பும். "கோடிப் பேருக்கு மேலே ஓட்டுப் போடுற நாட்டிலே நம்ம ஒரு ஓட்டு என்னத்தை மாத்தப் போகுது?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு இம்முறை கணக்கோடு பதில் தேடுவோம்.

பதுளைக் கணக்கு

2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம். மகியங்கனை, வியலுவ, பசறை, பதுளை, ஹாலிஎல, ஊவா பரணகம, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை என்ற 9 தொகுதிகளும் சேர்ந்ததுதான் பதுளை மாவட்டம். இங்கே மைத்திரிபால சிறிசேனவுக்கு 249,524 வாக்குகள் கிடைத்தன. மகிந்த ராஜபக்ஷவுக்கு 249,243. வித்தியாசம் வெறும் 281. தோட்டத்தில் ஒரு டிவிஷன் ஆட்களைக் கூட்டினாலே அந்தத் தொகை வந்துவிடும்!

மற்ற வருடங்களையும் பாருங்கள். 2005இல் நம்ம மாவட்டத்தில் முன்னுக்கு வந்தவர் ரணில் விக்கிரமசிங்க. நாட்டில் வென்றவர் மகிந்த ராஜபக்ஷ. 2010இல் மாவட்டத்திலும் நாட்டிலும் மகிந்த ராஜபக்ஷ. 2019இல் இரண்டிலும் கோட்டாபய ராஜபக்ஷ. 2024இல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச. நாட்டில் அநுர குமார திசாநாயக்க. ஆக, பதுளை எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுத்த காணி இல்லை.

அமெரிக்காவில் எப்படி?

இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயக்கூடிய இடங்களை அமெரிக்காவில் 'ஊசலாடும் மாநிலங்கள்' என்கிறார்கள். அங்கே மக்கள் போடும் வாக்கு நாடு முழுவதற்குமாகக் கூட்டப்படுவதில்லை. மாநிலம் மாநிலமாக எண்ணுகிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்கு என்று ஒரு கணக்கு உண்டு. மொத்தம் 538. அதில் 270 எடுப்பவர் ஜனாதிபதி. 50 மாநிலங்களில் 48இல், ஒரு வாக்குக் கூடுதலாக எடுத்தாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு முழுவதும் அவருக்கே போகும்.

நம்ம வேலையை வைத்தே சொல்லலாம். ஒவ்வொரு டிவிஷன் மடுவத்திலும் கொழுந்தைத் தனித்தனியாக நிறுக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு கொந்தரப்புக்காரர் போட்டி போடுகிறார்கள். ஒரு டிவிஷனில் யார் ஒரு கிலோ கூட எடுத்தாரோ, அந்த டிவிஷன் கொழுந்து முழுவதையும் அவர் பேரிலேயே எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் கணக்கு அப்படித்தான்.

2000ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ் 537 வாக்குகளால் முன்னுக்கு வந்தார். அந்த மாநிலத்தின் 25 தேர்வாளர் வாக்குகளும் அவருக்குப் போயின. நாடு முழுவதிலும் அல் கோர் 5 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும் தோற்றுப்போனார். அதனால்தான் அங்கே வேட்பாளர்கள் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின் போன்ற இடங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்துக்கு அவ்வளவாகப் போகமாட்டார்கள்.

நம்ம நாட்டில் ஒரே தராசு

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இலங்கை முழுவதும் ஒரே தொகுதி. எல்லா டிவிஷன் கொழுந்தையும் ஒரே தராசில் போடுவது மாதிரி. 2015இல் பதுளையில் 281ஆல் முந்தியதற்காக யாருக்கும் தனிப் பரிசு கிடையாது. இரண்டு பேருடைய வாக்குகளும் அப்படியே நாட்டுக் கணக்கில் சேர்ந்தன. கொழும்பில் ஒரு முதலாளி போடும் வாக்கும், பசறை மலையில் கொழுந்தெடுக்கும் அக்கா போடும் வாக்கும் ஒரே எடைதான். மாவட்டத்தில் நம்ம ஆள் தோற்பார் என்று தெரிந்தாலும், போட்ட வாக்கு வீணாகாது.

அந்த ஒரே தராசும் சில நேரம் மயிரிழையில் நின்றிருக்கிறது. வெல்வதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். 1988இல் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதம் எடுத்தார். பாதியைத் தாண்டியது சுமார் 22,000 வாக்குகளால். 2005இல் மகிந்த ராஜபக்ஷ 50.29 வீதம், தாண்டியது சுமார் 28,600. அந்த வருடம் விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 வீதம் பேர்தான் வாக்களித்தார்கள். நாடு முழுவதிலும் வெற்றி வித்தியாசம் 180,786. வாக்களிக்காமல் இருப்பதும் முடிவைத் தொடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது விருப்பு

2024 செப்டம்பர் 21ஆம் திகதித் தேர்தலில், இலங்கைச் சரித்திரத்தில் முதல் தடவையாக யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. அநுர குமார 42.31 வீதம், சஜித் 32.76 வீதம். மற்ற எல்லா வேட்பாளர்களும் விலக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இந்த இருவருக்கும் 2ஆம், 3ஆம் விருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அப்படிப்பட்ட சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் எண்ணக்கூடிய விருப்பு இருந்தது சுமார் 2 இலட்சத்து 73 ஆயிரம் சீட்டுகளில்தான். மீதி 30 இலட்சம் பேர் கடைசிச் சுற்றில் வாய் திறக்கவில்லை. அதில் நம்ம ஆட்களும் இருந்திருப்பார்கள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள்:

1. ஒருவருக்கு மட்டும் போடுவதென்றால் அவர் பேருக்கு நேரே 1 என்றோ புள்ளடியோ போடலாம்.
2. மேலும் விருப்புக் காட்டுவதென்றால் 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம் போட வேண்டும்.
3. 1 போடாமல் 2 மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலும் அப்படியே.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். சௌமியமூர்த்தி தொண்டமானும் அவர்களில் ஒருவர். வேறு பல தொகுதிகளிலும் தோட்ட மக்களின் வாக்கு முடிவைத் தொட்டது. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. நம்ம தாத்தா பாட்டிமார் இந்த மண்ணிலே உழைத்துக்கொண்டே நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. 1977இல்தான் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாவிலிருந்து மறுபடி தெரிவானார். மிச்சமிருந்தவர்களுக்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமை கிடைத்தது. வாக்குக்குப் பலம் இல்லையென்றால் அதைப் பறிக்க ஏன் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்? யோசியுங்கள்.

எப்படிப் பயன்படுத்துவது?

போட்டி இறுக்கமானால் எல்லாப் பக்கமும் நம்ம வாசலுக்கு வரும். சம்பளம், காணி, வீடு என்று வாக்குறுதி கொட்டும். ஒரு கூரைத் தகட்டுக்கோ, ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்கோ ஐந்து வருடத்தைக் கொடுத்துவிடக் கூடாது. தோட்டத்தில் கூடிப் பேசி, தேவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். வருகிற எல்லாரிடமும் அதே தாளைக் கொடுங்கள். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு யாருக்குப் போடுவது என்பது அவரவர் முடிவு. தலைவரோ, புருஷனோ, கங்காணியோ அதைத் தீர்மானிக்க முடியாது. வாக்கு இரகசியமானது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது சில உண்டு. 18 வயதான பிள்ளைகளின் பேர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பேரையும் பாருங்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள் தேர்தல் நெருங்கும் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். வாக்களிக்கச் சம்பளம் வெட்டாமல் குறைந்தது 4 மணித்தியாலம் லீவு பெற சட்டத்தில் உரிமை இருக்கிறது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

1. அமெரிக்க முறை நம்ம நாட்டில் இருந்தால், 2015இல் பதுளையின் 281 வாக்குகள் என்ன செய்திருக்கும்?
2. போன தேர்தலில் நம்ம லயத்தில் எத்தனை பேர் 2ஆம் விருப்புப் போட்டார்கள்? போடாதவர்கள் ஏன் போடவில்லை?
3. நம்ம தோட்டத்துத் தாளில் முதலாவதாக எழுத வேண்டிய தேவை எது?