அப்பாவின் புல்லட்டும் பட்டாளத்துப் பச்சையும்

கேள்வி: பழவேற்காடு பக்கம் ஒரு குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். இறந்துபோன அப்பாவின் 1989 மாடல் புல்லட் உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தது. வீட்டு வாசலிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டிங்கரிங் பார்த்து, மிலிட்டரி பச்சையில் பெயின்ட் அடித்துவிட்டேன். சூலூர்பேட்டைக்காரர் ஒருவர் கேட்கிறார். ஆர்.சி. அப்பா பெயரில்தான் இருக்கிறது. 15 வருடம் முடிந்த பிறகு புதுப்பிக்கவே இல்லை. துருவைச் சுரண்டியதில் சேசிஸ் எண்ணில் இரண்டு இலக்கம் மங்கிவிட்டது. மறுபடி பஞ்ச் அடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து விற்றுவிடலாமா? அம்மாவும் இரண்டு அக்காக்களும் இருக்கிறார்கள்.

பதில்: முதலில் அந்தப் பச்சை, தம்பி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. புல்லட் என்றாலே பட்டாளத்து நிறம்தான் பலருக்கும் ஆசை. பெயின்ட் கலந்து கொடுப்பவர் இந்த விதியைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆர்.சி.யில் இருக்கிற பழைய நிறத்துக்கே திரும்பிவிடுங்கள். வேறு நிறம்தான் வேண்டுமென்றால் அதை ஆர்.சி.யிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சேசிஸ் எண்ணில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அடித்த பஞ்ச், பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டு வண்டியின் அடையாளம். சந்தேகம் வந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் போலீஸ் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். மங்கிய விவரத்தை மனுவாக எழுதி, பழைய ஆர்.சி.யோடு மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டுங்கள். வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள். தெரிந்தே மறைத்தால் ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவில் அது மோசடி.

வெள்ளைத்தாள் விற்பனையின் ஆபத்துக்கு ஒரு வழக்கு சொல்கிறேன். 2009 மே மாதம் ரிவர்ஸில் வந்த ஒரு மாருதி கார் ஏறி ஒரு சிறுவன் இறந்தான். அந்தக் கார் அதற்குள் பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே நின்றது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அந்த வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் பெயர் இறந்தவருடையது. வழக்கு வந்தால் வாரிசுகளைத் தேடித்தான் வரும்.

ஆகவே வண்டி முதலில் உங்கள் பெயருக்கு வர வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அம்மா, அக்காக்கள் மூவரின் சம்மதப் பத்திரத்தோடு படிவம் 31 கொடுக்க வேண்டும். அப்பா இறந்து மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை. தாமதத்துக்குப் பணம் கட்ட வேண்டிவரும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. ஆய்வில் தேறினால் 5 ஆண்டு கிடைக்கும். பசுமை வரியும் உண்டு. வண்டியைக் காட்டக் ‘குட்டி யானை’ மினி லாரியில் ஏற்றிப் போங்கள். காலாவதியான பதிவு, இன்ஷூரன்ஸும் இல்லை என்றால் ஓட்டிப் போவதே குற்றம். சூலூர்பேட்டைக்காரருக்கு ஆசையாக ஒரு ரவுண்டு கொடுப்பதும் அதில் சேரும்.

அவர் ஆந்திராக்காரர் என்பதால் இன்னொரு படி. பழவேற்காடு ஏரியில் வலைபோடுவதிலேயே இரு மாநில எல்லைத் தகராறு பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிவம் 28இல் தடையில்லாச் சான்று பெறுங்கள். 29, 30 படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, விற்ற 45 நாளுக்குள் உங்கள் பக்கத்துத் தகவலைப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்த்து ஒப்புகை வாங்குங்கள். அதுவரை அட்வான்ஸ் மட்டும் வாங்கலாம், சாவியைக் கொடுக்காதீர்கள்.

கை பழகிவிட்டதென்று அடுத்தடுத்து பழைய வண்டி வாங்கி விற்கக் கிளம்பினால் கணக்கு வேறு. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்பதைத் தொழிலாகச் செய்வோர் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும்.