சிக்னல் ஏறாத மலையில் ஸ்மார்ட் போர்டு

கேள்வி: எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, சிக்னல்தான் வரவில்லை. செயற்கை நுண்ணறிவெல்லாம் எப்படிச் சொல்லித் தருவது? – ஓர் ஆசிரியை, கல்வராயன்மலை

பதில்: சிக்னல் மெதுவாக மலையேறட்டும், டீச்சர். அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போது ‘கோலிப்ரி’ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, வேண்டிய பாடங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். மேலே இணையமே இல்லாமல் ஓடும். சின்ன ரவுட்டர் ஒன்று வாங்கினால், மற்ற கணினிகளிலும் அதே பாடம் திறக்கும். யுபிஎஸ் பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவைச் சொல்லித் தரக் கரன்ட்டே வேண்டாம். சாமையையும் தினையையும் கலந்து கொட்டுங்கள். ஒரு பையனுக்கு ஒவ்வொரு மணியாகக் காட்டி, “இது சாமை, இது தினை” என்று பழக்குங்கள். பிறகு சத்தமில்லாமல் ஒரு வரகை நீட்டுங்கள். கூசாமல் “சாமை” என்பான். கணினியும் அப்படித்தான் உளறுகிறது.