யன்னல் துடைக்கப் போகும் மருமகனுக்கு

நாளைக்கு நீ முதல் தடவையாக வாளியும் வைப்பருமாக வேலைக்குப் போகிறாய் என்று உன் உம்மாவிடம் கேள்விப்பட்டேன். மனசு நிறைந்துவிட்டது, மருமகனே. தோஹாவில் 11 வருடம், பிறகு ஒலுவிலிலிருந்து கல்முனை வரைக்கும் என்று என் ஆயுளில் பாதி கண்ணாடியோடு போனது. பிழை விட்டு விட்டுத்தான் படித்தேன். அந்தப் பிழைகளை நீ மறுபடி விட வேண்டாம்.

1. முதலில் தண்ணீர், பிறகுதான் கை. வாடை வீசும் மாதங்களில் நம் யன்னல்களில் கடலுப்பு படியும். கச்சான் வீசினால் புழுதி படியும். இரண்டோடும் பொடிமணல் வரும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்த மணலே கண்ணாடியைக் கீறும். தாராளமாக ஊற்று, உப்பு கரையும், மணல் வழியும். தானாகக் கரைவதைத் தேய்த்துப் புண்ணாக்காதே. மனிதர்களிடமும் அப்படியே இரு.

2. பிழையை அன்றைக்கே சொல். நம் ஒலுவில் துறைமுகம் திறந்த பிறகு, பலநாள் படகொன்றின் சுக்கான் அறைக் கண்ணாடியை அவசரத்தில் உலர்துணியால் தேய்த்துவிட்டேன். பகலில் கீறல் தெரியவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சில நாளில் அந்தப் படகை ஓட்டும் தண்டையல் என்னை இருட்டியபின் கூட்டிப் போய், உள்ளே நிறுத்தி, துறைமுகத்து விளக்கைப் பார்க்கச் சொன்னார். ஒற்றை விளக்கு கீறல்களில் பிய்ந்து, வெள்ளை நூல்களாகக் கண்ணாடி முழுக்கப் பரவியிருந்தது. “துறைமுக வாயிலில் மண் சேர்ந்து கிடக்கு. இதை நம்பி எப்படித் தம்பி உள்ளுக்கு வாறது?” என்று மெல்லக் கேட்டார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். என் கைக்குக் கீழே இருந்தது ஒரு மனிதனின் பார்வை என்று அன்றுதான் விளங்கியது.

3. கருவியை மதி. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன எட்டோரே ஸ்டெக்கோனே என்ற யன்னல் துடைப்பாளி, 1936இல் ஓக்லாந்து நகரில் பித்தளையில் ஒற்றை ரப்பர் வைத்து இலேசான வைப்பரை உருவாக்கினார். அதன் உயிர் ரப்பரின் விளிம்பில் இருக்கிறது. விளிம்பு மழுங்கினால் புரட்டிப் போடு. இரண்டு பக்கமும் தேய்ந்தால் மாற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு துணியில் ஒற்றிக்கொள். சில ரூபாயை மிச்சம் பிடிக்கப் பழைய ரப்பரோடு மல்லுக்கட்டி, கூலியோடு நல்ல பெயரையும் இழந்த நாட்கள் எனக்குண்டு.

4. நுரை காட்டாதே. ஒரு வாளிக்குச் சில சொட்டு சோப்பு போதும். வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று நான் நுரை பொங்க ஊற்றுவேன்; காய்ந்ததும் கோடு கோடாக நிற்கும். பார்வைக்குச் செய்த வேலை பார்வைக்கே அகப்படும்.

5. வெயிலைப் பார்த்து வேலை செய். சூடான கண்ணாடியில் சோப்பு காய்ந்து திட்டாகும். கடற்கரைக் கிணற்றின் சவர்த்தண்ணீர் வெள்ளைப் புள்ளியாகும். நமக்குக் கிழக்கே கடல். காலை வெயில் முதலில் விழுவது கடல்பக்க யன்னலில். ஆகவே சுபஹுக்குப் பிறகு மேற்குப் பக்கம், அஸருக்குப் பிறகு கிழக்குப் பக்கம். நேரம் அறிந்தவனுக்குப் பாதி வேலையை நிழல் செய்து தரும்.

6. கண்ணாடியைப் பார், அதற்கு அப்பால் பார்க்காதே. யன்னலை நெருங்குமுன் ஸலாம் சொல்லி, உள்ளே இருப்பவர்கள் திரை போட நேரம் கொடு. கண்ணில் பட்டதை வெளியே பேசாதே. வேலையில் கொஞ்சம் குறை இருந்தாலும் ஊர் பொறுக்கும். கண் தவறினால் எந்த வீட்டுக் கதவும் உனக்குத் திறக்காது.

7. நாளைக்கும் உப்பு படியும், மனம் விடாதே. 1999இல் நம் வெளிச்சவீடு எழும்பியது. 2013இல் துறைமுகம் திறந்தது. அலை கேட்டதா? தோண்டத் தோண்ட வாயிலில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கட்டுவது ஒரு தடவை, காப்பது தினம் தினம். நீ துடைத்த கண்ணாடி வாடைக்கு ஒரு கிழமைகூடத் தாங்காமல் போகலாம். அந்த ஒரு கிழமையில் யாரோ ஒரு கிழவி கட்டிலில் படுத்தபடியே கடலைத் தெளிவாகப் பார்ப்பாள். அதற்காகத் துடை, மருமகனே. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வா.