எழுதிய நிரலும் ஓடும் நிரலும்

கெலமங்கலத்தில் கணினி அறிவியல் பயிலும் இளைய வாசகருக்கு,

மெயின்ஃபிரேம் கணினிகளில் பணியாற்ற விரும்புகிறவர் முதலில் தெளிவுபெற வேண்டியது, நிரலர் எழுதும் நிரலும் கணினியில் ஓடும் நிரலும் ஒன்றல்ல என்பதே. மனிதர் எழுதிய மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள் கம்பைலர் எனப்படுகிறது; அந்தக் கம்பைலரின் கைக்குப் போவதற்கு முன்பே மூல நிரலின் வாசகத்தைத் திருத்தி எழுதும் கருவிகள் முன்செயலிகள் எனப்படுகின்றன. இம்முன்செயலிகளை நிரலரின் பணிச்சூழலில் பிழையின்றி அமைப்பது எப்படி என்பதே இக்கடிதத்தின் பொருள்.

மெயின்ஃபிரேம் பணி நமக்குத் தொலைதூரத்துச் செய்தியன்று. சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 கணினி 1973இல் நிறுவப்பட்டது; 1980களின் இறுதியில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் ஐபிஎம் 3090 மெயின்ஃபிரேமைச் சென்னையில் அமைத்தது; 2000ஆம் ஆண்டுச் சிக்கல் உலகை அச்சுறுத்தியபோது, இரண்டு இலக்கங்களில் எழுதப்பட்டிருந்த ஆண்டுகளை நான்கு இலக்கங்களாக்கும் பணியில் சென்னையிலும் பெங்களூரிலும் ஏராளமான இளைஞர்கள் ஈடுபட்டனர். கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் சாலையின் மறுமுனையில், வெளிநாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்குமான மெயின்ஃபிரேம் நிரல்கள் இன்றும் பராமரிக்கப்படுகின்றன.

முன்செயலிகளின் தேவை வரலாற்றிலிருந்து பிறந்தது. வணிகக் கணக்குகளுக்கான கோபோல் மொழியின் முதல் வரையறை 1960இல் வெளிவந்தது. முனையத் திரையில் அமர்ந்திருப்பவரின் பரிவர்த்தனைகளை நிர்வகிக்கும் சிஐசிஎஸ் என்னும் மென்பொருள் 1969இல் வந்தது. டிபி2 என்னும் தரவுத்தளத்தை ஐபிஎம் 1983இல் அறிவித்தது. பின்னால் வந்த இவ்விரண்டின் கட்டளைகளையும் பழைய கோபோல் கம்பைலர் அறியாது. ஆனால் நிரலர் மூன்றையும் ஒரே கோப்பில் கலந்தே எழுதுகிறார். கெலமங்கலத்துச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேச்சில் கலந்து வந்தாலும் கேட்பவர் தடையின்றிப் புரிந்துகொள்கிறார். அந்தக் கம்பைலருக்கு இத்திறமை இல்லாததால் பிற மொழித் தொடர்களை முன்கூட்டியே கோபோலாக மாற்றித் தர வேண்டியிருக்கிறது.

அம்மாற்றம் நிகழும் விதத்தை அருகிருந்து காண்பது நல்லது. தரவுத்தளக் கட்டளை ‘எக்ஸெக் எஸ்கியூஎல்’ என்று தொடங்கி ‘எண்ட்-எக்ஸெக்’ என்று முடிகிறது. டிபி2 முன்செயலி அவ்வரிகளின் ஏழாம் பத்தியில் (ஏழாம் எழுத்திடத்தில்) உடுக்குறி (*) இட்டு அவற்றை வெறும் குறிப்புரையாக்கி, அவற்றுக்குக் கீழே தரவுத்தளத்தை அழைக்கும் ‘கால்’ கூற்றைச் சேர்க்கிறது. அதோடு கட்டளைகளை மட்டும் தனியே பிரித்தெடுத்து டிபிஆர்எம் என்னும் வேறொரு கோப்பில் சேமிக்கிறது. அடுத்து வரும் சிஐசிஎஸ் முன்செயலியும் தன் கட்டளைகளை இவ்வாறே அழைப்புகளாக மாற்றுகிறது. இவ்விரண்டில் எதுவும் முதலில் இயங்கலாம் என்றாலும், டிபி2 முன்செல்வதே நல்லது. மாற்றி வைத்தால் சிஐசிஎஸ் முன்செயலி தனக்குப் புரியாத தரவுத்தளக் கட்டளைகளைக் கண்டு தேவையற்ற எச்சரிக்கைகளை அடுக்கும்.

இந்த வரிசையை எழுதி வைப்பது ஜேசிஎல், அதாவது எந்த நிரல் எந்தக் கோப்புகளோடு எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்று மெயின்ஃபிரேமுக்குச் சொல்லும் கட்டளை மொழி. ஒரு படி தரும் வெளியீடு அடுத்த படிக்கு உள்ளீடாகிறது. ஒவ்வொரு படியும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. அது 0 என்றால் குறையில்லை, 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை. ‘4, எல்டி’ என்ற நிபந்தனை ஒரு படியில் இருந்தால், முந்தைய படி விட்டுச் சென்ற எண்ணைவிட 4 சிறியதாக இருக்கும்போது அந்தப் படி தவிர்க்கப்படும் என்பது பொருள். இது இயக்குவதற்கான நிபந்தனையன்று, தவிர்ப்பதற்கான நிபந்தனை என்பதைப் புதியவர்கள் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நிரலரின் மேசைக்கு வருவோம். எக்லிப்ஸ் என்னும் மென்பொருள் அடித்தளத்தில் அமைந்த ‘ஐபிஎம் டெவலப்பர் ஃபார் இசட்/ஓஎஸ்’ போன்ற பணிச்சூழல்கள், நிரலர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நிரலைச் சோதித்துப் பிழைகளைச் சிவப்புக் குறியிட்டுக் காட்டுகின்றன. இச்சோதனைக்குத் தேவையான விவரங்கள் பண்புத் தொகுதி என்னும் அமைப்பில் வைக்கப்படுகின்றன: எந்த முன்செயலிகள் உண்டு, பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் தரவு வரையறைகளான காப்பிபுக்குகள் எந்த நூலகங்களில் உள்ளன, கம்பைலருக்கான விருப்பத் தேர்வுகள் எவை என்பன அவற்றுள் முக்கியமானவை. சில நிறுவனங்கள் பான்வேலட், லைப்ரேரியன் போன்ற பழைய மூல நிரல் காப்பகங்களைப் பயன்படுத்தியதால், காப்பிபுக்கை அழைக்க கோபோலின் ‘காப்பி’ கூற்றுக்குப் பதிலாக ‘++இன்குளூட்’, ‘-இன்க்’ என்னும் கூற்றுகள் அவற்றின் நிரல்களில் நிலைத்துவிட்டன. இவை கோபோலைச் சேர்ந்தவையல்ல என்பதால், இவற்றை விரித்துத் தரும் முன்செயலியையும் பண்புத் தொகுதியில் குறிப்பிட வேண்டும்.

குறிப்பிடத் தவறினால் விளைவது சிறு தொல்லையன்று. காப்பிபுக் கிடைக்காதபோது அதிலுள்ள ஒவ்வொரு புலப்பெயரும் அறியப்படாத பெயராகித் திரை முழுவதும் பொய்யான சிவப்புக் குறிகள் நிறைகின்றன. அவற்றைப் பொருட்படுத்தாமல் இருக்க நிரலர் பழகிவிடுகிறார். அவற்றுக்கிடையே வந்த உண்மையான பிழையும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இதைவிடக் கேடானது, நூலகங்களின் வரிசை மாறுவது. ஒரே பெயருள்ள காப்பிபுக் இரண்டு நூலகங்களில் இருந்தால் வரிசையில் முதலில் உள்ளதே எடுக்கப்படுவதால், பழைய நூலகம் முன்னே நின்றுவிட்டால் பிழை எதுவும் காட்டாமலேயே தவறான வரையறையோடு நிரல் உருவாகிவிடும்.

மூன்று இடங்களில் தனிக் கவனம் வேண்டும். முதலாவதாக, எழுத்துச் சரங்களை ஒற்றை மேற்கோளால் சூழ்வதா இரட்டை மேற்கோளால் சூழ்வதா என்னும் தேர்வு முன்செயலிகளிலும் கம்பைலரிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டாவதாக, துளை அட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்த மரபின்படி, கோபோல் கூற்றுகள் 72ஆம் பத்திக்குள் முடிய வேண்டும்; அதற்கு அப்பால் எழுதியது நிரலாகக் கொள்ளப்படாது. மூன்றாவதாக, டிபி2 முன்செயலி நிரலிலும் டிபிஆர்எம் கோப்பிலும் ஒரே அடையாளக் குறியை இடுகிறது. நிரலை மட்டும் மீண்டும் உருவாக்கிவிட்டு, டிபிஆர்எம் கோப்பைத் தரவுத்தளத்தோடு பிணைக்கும் ‘பைண்ட்’ படியை விட்டுவிட்டால், இயங்கும் நேரத்தில் குறிகள் பொருந்தாமல் -818 அல்லது -805 என்னும் பிழை எண்ணோடு பரிவர்த்தனை நின்றுபோகும்.

பிற்காலத்துக் கம்பைலர்கள் இவ்விரு முன்செயலிகளின் வேலையையும் தம்முள்ளேயே ஏற்றுக்கொண்டுள்ளன. இணைச்செயலி எனப்படும் இம்முறையில் பிழைப் பட்டியலின் வரி எண்கள் நிரலர் எழுதிய மூல நிரலோடு ஒத்துப்போகின்றன. தனி முன்செயலி காண இயலாத, ‘காப்பி’ வழியே வரும் தரவு வரையறைகளையும் தரவுத்தளக் கட்டளைகளில் பயன்படுத்த முடிகிறது. ஆயினும் பல்லாண்டுகளாக இயங்கிவரும் நிரல்கள் பழைய முறையிலேயே தொடர்வது உண்டு என்பதால், இரு முறைகளையும் அறிந்தவரே அவற்றைப் பொறுப்போடு கையாள முடியும்.

எனவே ஒரு குழுவில் புதிதாகச் சேரும் இளைஞர், நிரலைத் திருத்தத் தொடங்குமுன், உண்மையில் நிரலை உருவாக்கும் ஜேசிஎல்லைக் கேட்டுப் பெற்று, அதன் படிகளையும் நூலக வரிசையையும் விருப்பத் தேர்வுகளையும் வரி வரியாகப் படித்து, தம் பண்புத் தொகுதியை அவற்றுக்கு ஏற்பவே அமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வமைப்பு தனியொருவர் கணினியில் தங்கிவிடாமல் குழுவின் பொதுக் காப்பகத்தில் இருப்பதும், ஜேசிஎல் மாறும்போதெல்லாம் அதுவும் மாற்றப்படுவதும் இன்றியமையாதன. முகமறியா மக்களின் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் கணக்கிடும் நிரல்கள் இவை. அவற்றில் கைவைப்பவர், தாம் எழுதிய வரி எந்தெந்த மாற்றங்களுக்குப் பின் ஓடுகிறது என்பதை ஐயமின்றி அறிந்திருக்கக் கடமைப்பட்டவர்.