அளவான குழாய், சீரான குளிர்ச்சி

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில் கிரியான் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பட்டணம் நிபோங் திபால். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இவ்வட்டாரத்தில் வீடு, கடை, அலுவலகம் என எங்கும் குளிரூட்டியைக் காணலாம். அதனை வாங்குவோர் விலையையும் குதிரைத் திறனையும் கவனிப்பர். சுவரோரம் செல்லும் செப்புக் குழாய்களைக் கவனிப்போர் சிலரே.

குளிரூட்டியின் உட்பகுதியையும் வெளிப்பகுதியையும் இரண்டு குழாய்கள் இணைக்கின்றன. சிறிய வீட்டுக் குளிரூட்டியில் ஒன்று பெரும்பாலும் கால் அங்குல விட்டமும் மற்றொன்று அதைவிடக் கூடுதல் விட்டமும் கொண்டிருக்கும். மெல்லிய குழாயில் குளிர்பதனப் பொருள் பெரும்பாலும் திரவமாக அறைக்குள் வருகிறது. அங்கு அது அறையின் வெப்பத்தை உறிஞ்சி வாயுவாக மாறுகிறது. வாயுவுக்குத் திரவத்தைவிடக் கூடுதல் இடம் தேவை. ஆகவேதான் கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் பருமனாக உள்ளது.

இக்குழாய் அளவில் சிறுத்தால் என்னவாகும்? வாயு நெருக்கிக்கொண்டு பாய்வதால் உராய்வு மிகுந்து அழுத்தம் குறையும். கம்ப்ரசர் கூடுதலாக உழைக்க நேரிடும். குளிர்ச்சி குறையும், மின்கட்டணமோ உயரும்.

அப்படியானால், பெரிய குழாயைப் பொருத்துவது நன்மையா? அதுவும் இல்லை. கம்ப்ரசரின் உட்பாகங்கள் தேயாமல் காக்கும் எண்ணெயில் சிறிதளவு வாயுவுடன் கலந்து குழாய்களில் பயணம் செய்கிறது. அதனை வாயுவின் வேகமே மீண்டும் கம்ப்ரசருக்கு இழுத்துச் செல்கிறது. குழாயின் விட்டம் இரு மடங்கானால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். வாயுவின் வேகமோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். வெளிப்பகுதி கூரை மீது இருந்தால் எண்ணெய் மேலேறாமல் குழாயிலேயே தேங்கிவிடும். எண்ணெயின்றி இயங்கும் கம்ப்ரசர் நாளடைவில் பழுதாகும்.

ஆதலால், குழாயின் அளவை ஊகித்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது. குளிரூட்டியின் திறன், குழாயின் நீளம், வளைவுகளின் எண்ணிக்கை, உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையிலான உயரம், குளிர்பதனப் பொருளின் வகை ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு வளைவும் பாய்ச்சலைத் தடுப்பதால், அதனையும் சில அடி நேர்க்குழாய்க்குச் சமமாகக் கருதுவர். தயாரிப்பாளரின் கையேடு இதற்கு வழிகாட்டும்.

பழைய குளிரூட்டியை மாற்றும்போதும் கவனம் தேவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவானது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. அவ்வுடன்படிக்கையின் கீழ் ஆர்22 போன்ற பொருள்களின் பயன்பாடு படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. புதிய குளிரூட்டிகளில் உள்ள ஆர்32, ஆர்22ஐவிட உயர்ந்த அழுத்தத்தில் இயங்குகிறது. எனவே, பழைய குழாய் புதிய குளிரூட்டிக்கு ஏற்றதா எனச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

நிபோங் திபாலில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. வெப்பம், அழுத்தம், பாய்ச்சல் பற்றிய அறிவு அத்துறைக்கு அடிப்படையாகும். அதே அறிவுதான் ஏணியில் ஏறிக் குழாய் பொருத்தும் தொழில்நுட்பருக்கும் தேவைப்படுகிறது. அளவறிந்து செய்யும் வேலையே மின்சாரத்தை மிச்சப்படுத்தி, இயந்திரத்தின் ஆயுளையும் நீட்டிக்கிறது.